17 ஹிரிவ்னியா முட்டையும் கூடங்குளமும்

உக்ரைன், அதன் பக்கத்து நாடு மால்டோவா, இவற்றை ரஷ்யா நெருக்குவது என்று பேச்சு வந்தாலே நம்ம பக்கத்தில் பலரும் சொல்வது இதுதான்: "மொதல்ல நாடு பொழைக்கட்டும். ஊழல் ஒழிப்பு, ஜனநாயகம்லாம் பொறவு பாத்துக்கிடலாம்." பீரங்கி மட்டும் வரும் போர் என்றால் நானும் பாதி ஒத்துக்கொள்வேன். கலப்புப் போருக்கு இது ஒத்துவராது. கணினிக்குள் புகுவது, வதந்தி, ஓட்டுக்குப் பணம், உள்ளூர் ஆளை விலைக்கு வாங்குவது என்று எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கிற போர் அது. இதில் எதிரி புதிதாக ஓட்டை போடுவது குறைவு. நாம் அடைக்காமல் விட்ட ஓட்டையில்தான் கையை விடுகிறான்.

மால்டோவாவைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியல் சாசனத்தில் எழுதலாமா என்று 2024 அக்டோபர் 20இல் வாக்கெடுப்பு. ஆதரவு 50.35 சதவீதம். பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தப்பியது. 1,30,000க்கும் மேற்பட்டோருக்கு ரஷ்ய வங்கி வழியாகப் பணம் போனதாக அந்நாட்டுக் காவல்துறை சொன்னது. ஓட்டுக்குப் பணம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் தாம்பரத்தில் வைத்து நெல்லை எக்ஸ்பிரஸில் கிட்டத்தட்ட 4 கோடி பிடிபட்டதே. அது யார் பணம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வாங்கிப் பழகின கை, கொடுப்பவன் உள்ளூரா வெளிநாடா என்று பார்க்காது. அவ்வளவுதான்.

2014 மே மாதம் உக்ரைனில் அதிபர் தேர்தல். ஆணையத்தின் சர்வருக்குள் புகுந்து, தோற்ற வேட்பாளர் ஒருவர் 37 சதவீதம் வாங்கி ஜெயித்ததாக ஒரு படத்தை ஏற்றிவிட்டார்கள். முடிவு வெளியாவதற்குச் சற்று முன்புதான் கண்டுபிடித்து நீக்கினார்கள். அப்படியும் ரஷ்யாவின் சேனல் ஒன் அதே படத்தைக் காட்டியது. வதந்தி ஏன் எடுபடவில்லை? சாவடியிலேயே கையால் எண்ணி, கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. நம்ம ஊர் பூத் ஏஜெண்டுகளுக்கும் இதுதான் சேதி: வாக்குப்பதிவு முடிந்ததும், சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதிய படிவம் 17சி நகலைக் கையில் வாங்காமல் சாவடியை விட்டு நகராதீர்கள். பிரியாணிக்கு அவசரப்பட்டுக் கிளம்பியவர்கள்தான் பிறகு டிவியில் வந்து மெஷினைக் குறை சொல்வது.

அடுத்தது முட்டை. 2016 ஆகஸ்டிலிருந்து உக்ரைனில் அரசுக் கொள்முதல் பெரும்பாலும் ப்ரோசோரோ என்ற இணைய ஏல முறையில்தான். யார் என்ன விலை கேட்டார், யாருக்குக் கிடைத்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2022இல் முழுப்போர் வந்ததும் ராணுவக் கொள்முதலை மூடிவிட்டார்கள். காரணம் சரிதான்: எத்தனை டன் அரிசி, எந்தக் கிடங்குக்கு என்று தெரிந்தால் எத்தனை சிப்பாய் எங்கே நிற்கிறான் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அளவோடும் இடத்தோடும் சேர்த்து விலையையும் மூடினார்கள். தப்பு அங்கேதான். 2023 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் ஒப்பந்தத்தை வெளியே கொண்டுவந்தார். ராணுவத்துக்கு ஒரு முட்டை 17 ஹிரிவ்னியா (அந்நாட்டுப் பணம்), தலைநகர் கீவ் கடையில் 7. அமைச்சகம் முதலில் மறுத்தது, பிறகு எழுத்துப்பிழை மாதிரி ஒரு விளக்கம். துணை அமைச்சர் பதவி விலகினார். அடுத்த மாதமே ஆயுதமல்லாத பொருள்களின் விலையை வெளியிடச் சட்டம் திருத்தினார்கள். முட்டை விலையை வைத்து எந்த எதிரியும் ஏவுகணையைக் குறிபார்க்க முடியாது. எதை மறைக்க வேண்டும், எதை மறைக்கவே கூடாது என்று இப்படி வரிவரியாகப் பிரிப்பதுதான் போர்க்காலச் சீர்திருத்தம்.

எல்லாவற்றையும் உடனே செய் என்று நான் சொல்லவில்லை. ராணுவச் சட்டம் அமலில் இருக்கும்வரை உக்ரைனில் தேர்தல் நடத்த முடியாது. குண்டு விழுகிற ஊரில் பூத் போடு என்று யார் சொல்வது? அதில் எனக்குக் குறை இல்லை.

குறை வேறு இடத்தில். 2025 ஜூலை 22இல் உக்ரைன் நாடாளுமன்றம் ஊழல் தடுப்புப் புலனாய்வு அமைப்பின் சுதந்திரத்தைப் பறித்து, அரசுத் தலைமை வழக்கறிஞரின் கைக்குள் கொண்டுவந்தது. ஒரே நாளில் ஓட்டு, அன்றைக்கே அதிபர் கையெழுத்து. சொன்ன காரணம், அமைப்புக்குள் ரஷ்யச் செல்வாக்கு. ஜனங்கள் அட்டையில் எழுதி ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், ஐரோப்பாவும் நெருக்கியது. 31ஆம் தேதி அதே நாடாளுமன்றம் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒற்றன் உள்ளே இருக்கலாம், யார் இல்லையென்றது? இருந்தால் அந்த ஆளைப் பிடி. அமைப்பையே எதற்குப் பூட்டுகிறாய்?

இந்தச் சாக்கு நமக்குப் புதிதில்லை. 2012இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், கூடங்குளம் எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பேட்டி கொடுத்தார். இடிந்தகரை பக்கம் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. அவர்கள் கேட்டது கழிவு எங்கே போகும், ஆபத்து வந்தால் எப்படி வெளியேறுவது என்பது போன்றவைதான். 2013 மே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விதித்த 15 நிபந்தனைகளில் கழிவும் பேரிடர் ஏற்பாடும் இருந்தன.

நிஜமாகவே வெளி ஆள் உள்ளே புகுந்தபோது என்ன நடந்தது? 2019 அக்டோபர் 29இல், உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று கூடங்குளத்திலிருந்து அறிக்கை. மறுநாள் அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது: நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் மால்வேர் என்கிற கெடு மென்பொருள் இருந்தது உண்மை, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே கண்டு சொல்லிவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் ராதாபுரம் வட்டத்துக்காரனுக்கு ஒரு வரி சொல்லவில்லை. முதல் அறிக்கை ஒரே நாளில் ஆட்டம் கண்ட பிறகு, உலைக்குப் பாதிப்பில்லை என்ற இரண்டாவதை ஊரில் எவன் நம்புவான்? அது உண்மையாகவே இருந்தாலும்.

இப்போது விதி என்னவென்றால், இப்படி ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். 2022இல் வந்த உத்தரவு, நல்லது. ஆனால் 2023 நவம்பரில் சர்ட்-இன்னையே தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். தகவல் உள்ளே போகும், நாம் கேட்டு வாங்க வழியில்லை. உலையின் வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. எந்த நெட்வொர்க்கில் புகுந்தது, எப்போது தெரிந்தது, உலைப் பக்கம் போனதா, யார் சோதித்தார்கள்: இந்த நாலு வரியை 72 மணி நேரத்துக்குள் மாவட்ட ஆட்சியர் தமிழில் வெளியிட வேண்டும் என்று ஒரு விதி. நம்ம எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது அவர்களிடம் கேட்க வேண்டியது இது.