தேதியை நீங்களே முடிவு பண்ணிவிட்டு எங்களுக்கு எதற்கு அஜைல் பயிற்சி?

இன்னொரு தடவை யாராவது வந்து "மைண்ட்செட் மாறணும்" என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன். மொரிஷியஸில் ஐடி கம்பெனிகள் இருக்கும் எபேன் சைபர்சிட்டியில் எந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தாலும் இந்தக் கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி முழுக்க அஜைலுக்கு, அதாவது மென்பொருளைச் சின்னச் சின்னத் தவணைகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறைக்கு, மாறுகிறது என்று ஒரு மெயில் வரும். வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து இறங்குவார். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. நேற்று நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீமே சீட்டுப் போட்டு மதிப்பிடும் பிளானிங் போக்கரைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார் பயிற்சியாளர். ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு: 1, 2, 3, 5, 8, 13. எண் கூடக் கூட வேலை பெரிது. விளையாட்டுக்கு எதையோ கற்பனையாக எடுக்க வேண்டாம், உங்கள் சொந்த வேலையையே எடுங்கள் என்றார். சரி என்று சம்பள மென்பொருளில் வங்கிக்குப் போகும் கோப்பை மாற்றும் வேலையை எடுத்தோம். பழைய புரோகிராம் கோடு, அதைச் சரிபார்க்க டெஸ்ட் கிடையாது, எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அதில் ஒரு வரி தவறினால் மாசக் கடைசியில் ஊழியர்களுக்குச் சம்பளம் ஏறாது. எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்பினோம். எனக்கு 13. பக்கத்தில் இருந்த டெஸ்டருக்கும் 13. புதிதாகச் சேர்ந்த தம்பி 8 போட்டிருந்தான்.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் ஏன் என்று பேச வேண்டும். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த முறையே இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்வரிசையில் இருந்து மேனேஜர் எழுந்தார். "13 எல்லாம் வேண்டாம், 5 போடுங்கள், கிளையண்ட்டிடம் தேதி சொல்லியாச்சு" என்றார். சொல்லியாச்சாம்! எப்போது? எங்களைக் கேட்காமல், போன மாசமே.

நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அஜைல் வழிகளில் ஒன்றான ஸ்க்ரமுக்கு விதிநூல் மாதிரி 2020இல் வந்த ஸ்க்ரம் கைடிலேயே இருக்கிறது: வேலையைச் செய்யப்போகிற டெவலப்பர்கள்தான் அதன் அளவைச் சொல்ல வேண்டும். காலையில் அவரே ஸ்லைடு போட்டுக் காட்டியது அந்தக் கைடைத்தான்! மனிதர் தலையை ஆட்டினார். புன்னகை வேறு. மார்க்கரை எடுத்துப் பலகையில் "5" என்று பெரிதாக எழுதினார். அடியில் கோடும் போட்டார். டெஸ்டர் அக்கா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "அண்ணா, அப்புறம் எதுக்கு நம்மகிட்ட சீட்டு கொடுத்தாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அதோடு விட்டார்களா? மதியத்துக்கு மேல் வெலாசிட்டி, அதாவது ஸ்பிரிண்ட் என்கிற சில வாரத் தவணையில் ஒரு டீம் எத்தனை பாயிண்ட் வேலை முடிக்கிறது என்ற கணக்கு. எங்கள் டீம் ஸ்பிரிண்டுக்கு எத்தனை பாயிண்ட், மேல்மாடி டீம் எத்தனை பாயிண்ட் என்று பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, யார் பின்தங்குகிறார்கள் என்று கேள்வி. ஸ்டோரி பாயிண்ட், அதாவது அந்தச் சீட்டில் போடும் எண், ஒரு டீம் தனக்குள் வைத்துக்கொள்ளும் அளவு. எங்கள் 5 வேறு, அவர்கள் 5 வேறு. இதை வைத்து இரண்டு டீமை ஒப்பிட்டால் அடுத்த மாசமே எல்லோரும் பாயிண்டை ஊதிப் பெரிதாக்குவார்கள். வேலை அதே வேலைதான்.

அஜைல் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு எரிகிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மலையில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் முதல் மதிப்பே, செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்குள் நடக்கும் பேச்சும் முக்கியம் என்பதுதான். எங்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு புது டூல், நிரப்ப வேண்டிய பெட்டிகள், பதினைந்து நிமிஷத்தில் முடிய வேண்டிய ஸ்டாண்ட்-அப் என்கிற தினசரி டீம் கூட்டம் முக்கால் மணி நேரம். அதுவும் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. வரிசையாக மேனேஜருக்கு ஒப்பிக்கிறோம்.

பயிற்சி தேவைப்படுவது தேதி கொடுக்கிறவர்களுக்கு. விற்பனைக்காரர்களை உட்கார வையுங்கள். இயக்குநர்களை உட்கார வையுங்கள். அவர்கள் கையில் 13 என்ற சீட்டைக் கொடுத்துவிட்டு, "5 போடு" என்று நாங்கள் பின்னால் நின்று சொல்கிறோம். அவர்களோ ஆரம்பத்தில் பத்து நிமிஷம் வந்து "முழு ஆதரவு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எது சரி, எது தப்பு என்று டீம் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் இதையே சீட்டில் எழுதி ஒட்டினேன். "இது இந்த அறையில் பேச வேண்டிய விஷயம் இல்லை" என்று அந்தச் சீட்டை ஓரத்தில் தள்ளி ஒட்டினார்கள். பின்னே எந்த அறையில் பேசுவது?

இதில் சாப்பாடு வேறு. தைப்பூசக் காவடிக்கு இந்த நாட்டில் அரசு விடுமுறையே உண்டு. அதற்கு முன்னால் பத்து நாள் விரதம் இருக்கிறோம் என்பது மொரிஷியஸில் யாருக்குத் தெரியாது? பயிற்சிக்கு முன்னால் படிவம் அனுப்பி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். சைவம், முட்டையும் வேண்டாம் என்று தெளிவாக எழுதினேன். வந்தது சிக்கன் சாண்ட்விச், டூனா சாண்ட்விச். கேட்டால் "சாலட் இருக்கே" என்கிறார்கள். அதைத் திறந்தால் மேலேயே பாதி முட்டை. கீழே இறங்கி ரோட்டோரத்தில் ஒரு தால் பூரி வாங்கித் தின்றுவிட்டு வருவதற்குள், "நேரம் தவறாமை டீமின் மதிப்பு" என்று எனக்கு அறிவுரை!