பூமில் ஒரு துருக் கோடு

எங்கள் சுரங்கத்தில் மண் அள்ளும் எக்ஸ்கவேட்டரின் பூம், அதாவது அதன் பெரிய இரும்புக் கை. அதன் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு துருக் கோடு. "சேறு சார், துடைச்சா போயிடும்" என்றார் ஷிப்ட் ஃபோர்மேன். துடைத்தேன், போகவில்லை. பெயின்டைச் சுரண்டி எடுத்து, சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிட்டு, துடைத்து, உள்ளே புகுந்த சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பரை மேலே அடித்தோம். வெல்டின் ஓரமாகச் சிவப்பு நூல் மாதிரி ஒன்று மெல்ல எழும்பி வந்தது. விரிசல்தான், ஒரு சாண் நீளம் இருந்தது.

அது தொடங்கிய இடம் எது தெரியுமா? ஹைட்ராலிக் ஹோஸ் ஆடாமல் இருக்க யாரோ வசதிக்காக வெல்ட் அடித்து ஒட்டிய சின்ன பிராக்கெட். டிராயிங்கில் அது இல்லவே இல்லை.

வட கடலில் 1980 மார்ச் 27 அன்று கவிழ்ந்த அலெக்சாண்டர் கீலண்ட் எண்ணெய்த் தளம் நினைவுக்கு வந்தது. 123 பேர் இறந்தார்கள். அங்கேயும் விரிசல் தொடங்கியது, ஒரு கருவியைப் பிடிக்க, தளத்தின் கால்களை இணைக்கும் குறுக்குக் குழாயில் வைத்த தாங்கியின் 6 மி.மீ. வெல்டில்தான். சுரங்க மெஷின் வேறு, கடல் தளம் வேறு. ஆனால் மாறி மாறி இழுபடும் இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நல்ல கிரேடு ஸ்டீல் போட்டால் தாங்கும்" என்று ஆபீஸில் சொல்வார்கள். அடிக்கடி ஏறி இறங்கும் சுமையில் வெல்ட் ஓரத்துக்கு அந்த உயர்ந்த கிரேடு பெரிதாக ஒன்றும் உதவாது. அங்கே தகைவின், அதாவது இரும்புக்குள் வரும் இழுவிசை அழுத்தத்தின், ஏற்ற இறக்கம் 20 சதவீதம் கூடினாலே ஆயுளில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். டம்பரில் "இன்னும் ஒரு பக்கெட்" என்று கொட்டுவதும், பள்ளமும் மேடுமான ரோட்டில் சேசிஸ் முறுக்கிக்கொள்ள ஓட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. அதனால் ரோடு போடும் கிரேடரையும் நான் மெயின்டனன்ஸ் ஆளாகத்தான் பார்ப்பேன்.

இன்னொரு எரிச்சல், விரிசல் மேல் தகடு வைத்து ஒட்டுவது. விரிசல் உள்ளேயே இருக்கும். தகட்டின் முனையில் புதிதாக இன்னொன்று பிறக்கும். முழுசாகத் தோண்டி எடுத்து, முன்சூடு கொடுத்து, அடுப்பில் காய்ந்த வெல்டிங் ராடால் அடித்து, ஓரத்தை வழவழப்பாக கிரைண்ட் செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும்தான். சரி, பூம் முறிந்து விழுந்தால் எத்தனை ஷிப்ட் போகும்?

சில டிராக்லைன்களின், அதாவது கயிற்றால் பக்கெட்டை இழுத்து மண் அள்ளும் ராட்சத மெஷின்களின், பூம் குழாய்களுக்குள் வாயுவை அழுத்தி அடைத்து வைப்பார்கள். அழுத்தம் குறைந்தால் எங்கோ பிளந்திருக்கிறது என்று அர்த்தம். நமக்கு அந்த வசதி இல்லை, தண்ணீர்க் குழாயால் கழுவிவிட்டுக் கண்ணால் பார்ப்பதுதான். கழுவாத மெஷினில் இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் டிக் அடிப்பது வெறும் கையெழுத்துப் பயிற்சி.

அப்புறம் அன்றைக்கே மற்ற மூன்று மெஷின்களையும் கழுவிப் பார்த்தோம். மூன்றிலும் அதே இடத்தில் அதே பிராக்கெட். இரண்டில் கோடு ஆரம்பித்திருந்தது.