ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டாதீங்கப்பா!

பழைய அம்பாசடர் சூடாகுதுன்னு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், இன்ஜின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் ஓட்டையை அடைக்க முதல் வைத்தியம் மஞ்சள்தூள். ஓட்டை அடைபடுதோ இல்லையோ, நல்ல குழாய்களும் சேர்ந்து அடைபடும். அடுத்தது, தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, கழற்றி எறிவது. என்ன அநியாயம் இது! 80 டிகிரி வாக்கில் ஓட வேண்டிய இன்ஜின் சூடேறாமலே ஓடும். பெட்ரோல் குடிக்கும், ஆயில் கெடும். தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால், திறக்குதா இல்லையான்னு கண்ணாலேயே பார்க்கலாமே.

அது செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர். சால்டரை (ஈயப் பற்று) உருக்கி மேல் டேங்கைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் பண்ணி, திரும்பப் பற்றவைத்து, காற்றடைத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருதான்னு பார்க்கணும். குழாயே அரித்துப்போயிருந்தால் கோரை (குழாய்கள் அடங்கிய நடுப்பகுதி) மட்டும் மாற்றலாம், பழைய டேங்க் போதும். அதை விட்டுட்டு எபாக்ஸி பசையை அப்புறாங்க. பிறகு அதை முழுசாகச் சுரண்டி எடுக்காமல் சால்டர் பிடிக்கவே பிடிக்காது.

புது கோர் போட்டும் சூடு குறையலையா? இன்ஜின் பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்து பாருங்க. பெரும்பாலும் சொட்டுத் தண்ணீர் வராது, துருச்சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிட்டு, எதிர்த்திசையில் தண்ணீர் அடித்துக் கழுவணும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

ரேடியேட்டர் மூடியையாவது பார்த்துப் போடுங்க. இன்றைய கார்களின் 13 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடியைத் திருகினால் பழைய சால்டர் தையல் பிளந்துடும்.