லாக் எங்கே சார்?

பெங்களூரில் நாங்கள் சில தமிழர்கள் ஒரு பெரிய ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோடைப் பார்த்து மாற்றக்கூடிய) மென்பொருள் திட்டத்தைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறோம். சம்பளம் கிடையாது. ஆபீஸ் முடிந்து, வெளிவட்டச் சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்த பிறகுதான் இந்த வேலை. பயனர்களின் புகார்ப் பக்கத்தைத் திறந்தால், "வேலை செய்யவில்லை, உடனே சரி செய்யுங்கள்" என்று ஒற்றை வரி. எந்த வெர்ஷன், என்ன எர்ரர், லாக் (மென்பொருள் தான் செய்ததைப் பதிந்து வைக்கும் குறிப்பு) எங்கே? ஒன்றும் இருக்காது. கேட்டாலும் பதில் வராது. அப்புறம் ஒருநாள் "இன்னுமா முடியலை?" என்று மட்டும் வரும்.

கோடு (நிரல்) எழுத ஆள் இருக்கிறது. அடுத்தவர் எழுதிய நிரலை வரிவரியாகப் படிக்கத்தான் ஆள் இல்லை. இப்போது ஏஐ எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார்கள். அவசரத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியுமா? கோப்புகளைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான எக்ஸ்இசட் யுடில்ஸில் நடந்தது தெரியும்தானே. களைத்துப்போன பராமரிப்பாளரைப் பலர் பெயரில் நெருக்கினார்கள். உதவ வந்தவராக உள்ளே நுழைந்தவர், கணினிகளுக்குள் ரகசியமாகப் புக ஒரு பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதை ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் உலகம் தப்பியது.

அதனால் எங்களை விரட்டாதீர்கள். லாக் அனுப்புங்கள். முடிந்தால், வரிசையில் கிடக்கும் ஒரு பேட்ச்சை, அதாவது யாரோ அனுப்பிய நிரல் திருத்தத்தைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள்.