எங்கட ஊரில் ‘பாஸ்’ என்றால்

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ் அர்த்தத்தை எழுதிப் பாடமாக்கச் சொல்லுகிற பழக்கத்தை நாங்கள் விடவேண்டும். கிளிநொச்சியில் ரியூசன் சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு வகுப்பிலும் இதன் பாதிப்பைப் பார்க்கிறேன்.

‘பாஸ்’ (pass) என்ற சொல்லையே எடுங்கள். கொப்பியில் ‘சித்தியடைதல்’ என்று மட்டும் இருக்கும். ஓ.எல் என்கிற சாதாரண தரப் பரீட்சையில் ஆகக் குறைந்த சித்தியான எஸ் எடுத்தாலும் பாஸ், அது பிள்ளைக்குத் தெரியும். வாசிப்புப் பந்தியில் தாத்தா ‘பாஸ்ட் அவே’, அதாவது காலமானார், என்று வந்ததும், “தாத்தா என்ன சோதினை எழுதினவர் ரீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். அவனில் பிழையே இல்லை. நாங்கள் கொடுத்த ஒற்றை அர்த்தத்தை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறான்.

இத்தனைக்கும் வன்னியில் இந்தச் சொல் புழங்கினதுபோல வேறெங்கும் புழங்கியிருக்குமோ தெரியாது. போர்க்காலத்தில் இங்கிருந்து வெளியே போக விடுதலைப் புலிகள் இயக்கத்திடம் பாஸ், அதாவது அனுமதிச் சீட்டு, எடுக்கவேண்டும். வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே தங்குவதற்கு ஆமியின் பாஸ். என் பெரியம்மா அந்த வவுனியாப் பாஸை இன்றைக்கும் அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு சொப்பிங் பைக்குள் வைத்திருக்கிறார். மடிப்பெல்லாம் கிழிந்து, மை மங்கிப்போய்விட்டது. அவருக்குப் ‘பாஸ்’ என்றதும் பரீட்சை ஞாபகம் வராது.

அப்புறம் ஆனையிறவு. ஆங்கிலத்தில் எலிபன்ட் பாஸ். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத பரவைக்கடலால் யாழ்ப்பாணத்துக்குக் கடக்கவைத்துக் கொண்டுபோன இடம் அது.

லத்தீனில் காலடியைக் குறிக்கும் ‘பஸ்ஸுஸ்’ என்ற சொல்லில் இருந்துதான் இதெல்லாம் வருகிறது. எட்டு வைத்துக் கடப்பது. சோதினையைக் கடந்தாலும், சட்டமூலம் பாராளுமன்றத்தைக் கடந்தாலும், பந்து கைமாறினாலும், உயிர் பிரிந்தாலும் அடியில் இருப்பது கடந்துபோதல் ஒன்றுதான். ‘பாஸ்ட் டென்ஸ்’ என்பதில் உள்ள பாஸ்ட்டும் இதே வேர்தான்.

தமிழில் ‘இற’ என்ற வினையும் இப்படித்தான். சங்கப் பாட்டில் தலைவன் ‘சுரம் இறந்து’ போனான் என்றால் பாலையைக் கடந்து போனான் என்று பொருள். ‘இறந்தார்வாய் இன்னாச்சொல்’ என்ற குறளில் இறந்தார் என்பது வரம்பு கடந்தவர். இறந்த காலம், கடந்த காலம். இவ்வளவும் தெரிந்த பிள்ளைக்குத் தாத்தா பாஸ்ட் அவே ஆனதை விளங்கப்படுத்த அரை நிமிசம் காணும்.

நான் இப்போது அர்த்தம் எழுதவிடுவதில்லை. பந்தியை வாசிக்கவிட்டு, இங்கே யார் எதைக் கடக்கிறார் என்று மட்டும் கேட்கிறேன். பாஸ்போட்டைப் பிள்ளைகள் தாங்களாகவே கொண்டுவந்து இந்தச் சொற்களோடு சேர்த்தார்கள். வினாத்தாள் எடுக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சொல்லைத் தனியே போட்டு ‘பொருள் தருக’ என்று கேளாதீர்கள், ஒரு வசனத்துக்குள் வைத்துக் கேளுங்கள்.