பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க எவ்வளவு நேரமய்யா ஆகும்?

ஒரு பேய்ப்படத்தில் கார் ரோட்டில் போவதை ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் பார்க்கலாம்? யாரும் துரத்தாத கார். எதிலும் மோதப்போகாத கார். அப்பா ஓட்டுகிறார், பக்கத்தில் அம்மா, பின்னால் ஒரு குட்டிப்பெண், ஒரு நாய்க்குட்டி. வெளியே வறண்ட புதர், எட்டத்தில் மலை, மறுபடி புதர். பேச்சு கிடையாது, கதை கிடையாது, பின்னணியில் ஏதோ ஒரு இசை மட்டும் சம்பந்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நடிகர்கள், கலைஞர்கள் பெயர் போடுவதற்காக அந்த இடத்தை விட்டுவைத்தார்களாம், அப்புறம் போடவே இல்லை என்கிறார்கள். மறந்துவிட்டார்கள் போல! நடுவில் ஒரு பெயின்ட் விளம்பரம் வந்தது. ஸ்கிப் பண்ணாமல் முழுசாகப் பார்த்தேன். அதிலாவது வெளிச்சம் இருந்தது, ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டுக்கு ஏதோ நடந்தது.

படம் 'மனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்', 1966. உங்களுக்கும் யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னது கூட வேலை பார்க்கும் ஒரு தம்பி. "அண்ணே, கண்டிப்பா பாருங்கண்ணே, கல்ட் படம்ணே, உலகத்திலேயே மோசமான பேய்ப்படம்ணே, செம்ம காமெடியா இருக்கும்" என்றான். இந்த 'மோசமா இருக்கும், அதனாலதான் நல்லா இருக்கும்' கும்பலைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இவர்கள் யாரும் படத்தை முழுசாகப் பார்ப்பதில்லை. 1993இல் மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000 என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சி இந்தப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, வசனத்துக்கு வசனம் கிண்டல் அடித்துக் காட்டியது. அதுவரை, எடுத்த ஊரான எல் பாஸோவுக்கு வெளியே சீண்டுவாரில்லாமல் கிடந்த படம் அதற்குப் பிறகுதான் பிரபலம் ஆனது. கிண்டலோடு பார்த்தவன் சிரித்திருப்பான் சரி, கிண்டல் இல்லாமல் மொட்டையாகப் பார்த்த எங்களுக்கு என்ன வழி?

எடுத்தவர் ஹெரால்ட் வாரன், டெக்சஸ் மாநிலத்து எல் பாஸோக்காரர். சினிமாவுக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தம் எதுவும் இல்லை. இன்சூரன்ஸ், உரம் விற்றுக்கொண்டிருந்தவர். ஹாலிவுட் கதாசிரியர் ஸ்டர்லிங் சிலிஃபன்டிடம், பேய்ப்படம் எடுப்பதெல்லாம் ஒரு கம்பசூத்திரமா, நான் எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று பந்தயம் கட்டினார் என்பது கதை. சுமார் 19,000 டாலர் தேற்றினார். எழுத்து, இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவரே. ஹீரோ யார்? அதுவும் அவரே. கேமரா 16 எம்எம், சாவி கொடுத்து ஓட்டுகிற ரகம், ஒரு சாவிக்கு 32 வினாடிதான் ஓடும். எனக்குப் புரியாத இடமே இதுதான். 32 வினாடிக்கு மேல் ஓடாத கேமராவை வைத்துக்கொண்டு ஒருத்தரால் எப்படி ஐயா இவ்வளவு இழுக்க முடியும்? ஒவ்வொரு 32 வினாடிக்கும் நிறுத்தி, மறுபடி சாவி கொடுத்து, "இன்னும் கொஞ்சம் ரோட்டைக் காட்டுவோம்" என்று ஒரு மனுஷன் யோசித்து முடிவெடுத்திருக்கிறார்!

சரி, ரோட்டைக்கூட விடுங்கள். பெட்டிக்கு வருகிறேன். ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாத பெட்டி.

வழி தப்பி அந்தக் குடும்பம் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அங்கே டோர்கோ என்று ஒரு வேலையாள், தொப்பி, தாடி, கையில் ஒரு கோல். முட்டி இரண்டும் தலையணை திணித்ததுபோல் உப்பியிருக்கிறது. தான் டோர்கோ என்கிறான். எஜமானர் இல்லாதபோது இந்த வீட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். நிறுத்துகிறான். ஆடுகிறான். காற்றில்லாமலே ஆடுகிறான். ஹீரோ, இங்கிருந்து வெளியே போக வழி என்ன என்கிறார். டோர்கோ யோசிக்கிறான். வழி இல்லை என்கிறான். ஹீரோ மனைவியைப் பார்க்கிறார், மனைவி ஹீரோவைப் பார்க்கிறாள், இருவரும் டோர்கோவைப் பார்க்கிறார்கள், டோர்கோ எங்கேயோ பார்க்கிறான். ராத்திரி மட்டும் தங்கிக்கொள்ளலாமா? எஜமானர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரே ஒரு ராத்திரி? குழந்தை இருக்கிறதே, எஜமானருக்குக் குழந்தைகள் பிடிக்காதே. ஏனய்யா, கொஞ்சம் தயவு பண்ணக் கூடாதா? எஜமானர் ஒத்துக்கொள்ள மாட்டார். அட, அதைத்தான் சொல்லிவிட்டாயே! அந்த எஜமானரே எழுந்து வந்து "சரி, தங்கித் தொலையுங்கள், ஆளை விடுங்கள்" என்று சொல்லிவிட்டால் தேவலை என்று தோன்றிவிட்டது.

கடைசியில் ஒருவழியாகத் தங்கலாம் என்று ஆகிறது. உடனே நம்ம ஹீரோ, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற மனுஷன், முட்டி வீங்கி நிற்கக்கூட முடியாமல் தள்ளாடுகிற அந்த ஆளைப் பார்த்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வா என்கிறார். இவருக்குக் கை இல்லையா? டோர்கோ நடக்கிறான். அவன் நடந்தாலே அவனுக்கென்று ஒரு பியானோ டொங்கு டொங்கென்று ஆரம்பித்துவிடும். ஒரு அடி. டொங்கு. ஒரு தள்ளாட்டம். இன்னொரு அடி. டொங்கு. பெட்டியைத் தூக்குகிறான், சாய்கிறான், விழப்போகிறான் என்று நினைத்தால் விழவும் இல்லை. விழுந்திருந்தாலாவது ஒரு சம்பவம் நடந்த திருப்தி இருந்திருக்கும். கேமராவும் கூடவே நிற்கிறது, ஏதோ தேர் நிலைக்கு வருவதைப் பார்ப்பதுபோல. அந்த நேரத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, நாளைக்குப் போடவேண்டிய சட்டையை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், டொங்கு. அண்ணன் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

இதோடு முடிந்ததா? உள்ளே போனதும் சுவரில் எஜமானர் படம், பக்கத்தில் ஒரு கறுப்பு நாய். அதை ஒரு மாமாங்கம் வெறித்துப் பார்க்கிறார்கள். வெளியே ஏதோ ஊளையிடுகிறது, இவர்கள் நாய்க்குட்டி பாய்ந்து ஓடிப்போய்ச் செத்துவிடுகிறது. பயந்துபோய் உடனே கிளம்பலாம் என்கிறாள் மனைவி. நியாயமான பேச்சு. இந்தப் படத்தில் புத்தியுள்ள ஒரே வசனம். கிளம்பலாம் என்றால் என்ன அர்த்தம்? ஆமாம். பெட்டியைத் திருப்பிக் காருக்குக் கொண்டுபோக வேண்டும். யார் கொண்டுபோவது? டொங்கு.

அப்புறம் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

மற்றதை எல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவர்கள்தான் சொல்லவில்லை. ஒரு ஜோடி காரில் உட்கார்ந்து முத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, கதைக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் படப்பிடிப்பில் கால் உடைந்துவிட்டதாம், சும்மா அனுப்ப வேண்டாமே என்று காருக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். நடுராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்டு இரண்டு போலீஸ்காரர்கள் காரைவிட்டு இறங்குகிறார்கள், டார்ச் அடித்துக்கொண்டு சில அடி நடக்கிறார்கள், திரும்பி வந்து ஏறிக்கொள்கிறார்கள். ஏன் என்றால் அதற்கு மேல் லைட் எட்டவில்லை! எஜமானருக்கு வெள்ளை கவுன் போட்ட மனைவிமார் ஒரு கூட்டம். குழந்தையைக் கொல்வதா வேண்டாமா என்று வாக்குவாதம் முற்றி, மண்ணில் கட்டிப் புரண்டு, அதுவும் ஓயாமல் நடக்கிறது. லைட்டைச் சுற்றி விட்டில் பூச்சிகள் வேறு. 2011இல் இந்தப் படத்தின் 16 எம்எம் பிரதி ஒன்று கிடைத்து, ரசிகர்கள் பணம் போட்டுச் சுத்தம் செய்து புதுப்பித்தார்களாம். நல்லது. இனிமேல் பூச்சிகளைத் தெளிவாகப் பார்க்கலாம்.

உடனே ஒருத்தர் வருவார், "பாவம், பட்ஜெட் இல்லைங்க". அய்யா, இதற்கு நான்கு வருஷம் முன்னால், 1962இல், ஹெர்க் ஹார்வி என்று கேன்சஸ்காரர் ஒருவர் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' எடுத்தார். அவரும் ஹாலிவுட் ஆள் கிடையாது. கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் விளக்கப்படம் எடுத்து வயிறு வளர்த்தவர். செலவு முப்பதாயிரம் டாலர் சொச்சம். யூட்டாவில் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த ஒரு கேளிக்கை மண்டபம், முகத்தில் வெள்ளை அப்பிய ஒரு ஆள் (அதுவும் அவரே), ஒரு ஆர்கன் இசை. அதைப் பார்த்துவிட்டு ராத்திரி ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பப் பயமாக இருக்கும். அவரிடம் மட்டும் என்ன கொட்டிக் கிடந்தது? கத்தரிக்கோல் இருந்தது. கத்தரிக்கோல் என்ன விலை விற்றுவிடப்போகிறது?

இவ்வளவு திட்டிவிட்டுப் படம் எடுத்த கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் நமுத்துப்போய்விட்டது. நடித்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு தருகிறேன் என்று வாரன் சொல்லியிருக்கிறார். கையில் ஏதாவது வாங்கியது இரண்டே பேர்: குட்டிப்பெண்ணுக்கு ஒரு சைக்கிள், நாய்க்குப் பை நிறைய நாய்த்தீனி. நவம்பர் 15, 1966 அன்று எல் பாஸோ காப்ரி தியேட்டரில் முதல் காட்சி. நட்சத்திரங்கள் வந்து இறங்க லிமோசின் வேண்டுமே? ஒன்றே ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டுத் தெருவைச் சுற்றிப் போய், காத்திருந்த அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி வந்து இறக்கியிருக்கிறார்கள். இதைப் படமாக எடுத்திருந்தால் நான் காசு கொடுத்துப் பார்ப்பேன். ஒலிப்பதிவே இல்லாமல் எடுத்து, பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் எல்லோருக்கும் குரல் கொடுத்ததில், அந்தக் குட்டிப்பெண் திரையில் தன் வாய் அசைய ஒரு பெரியவளின் குரல் வருவதைக் கேட்டு தியேட்டரிலேயே அழுதுவிட்டாளாம். டோர்கோவாக நடித்த ஜான் ரெனால்ட்ஸ் அந்த நாளைப் பார்க்கவே இல்லை. ஒரு மாதம் முன்பே இறந்துபோனார். ஆட்டுக்கால் மனிதனாகக் காட்டத்தான் அந்த முட்டி வேஷமாம், படத்தில் ஒருத்தரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுஷன் அந்தக் கட்டோடு அத்தனை தூரம் பெட்டி சுமந்திருக்கிறார். உண்மையில் அந்தப் படத்தில் உழைத்தது அவர் ஒருத்தர்தான்.

ஆனால் கிளைமாக்ஸுக்கு மன்னிப்பே கிடையாது. அந்தச் சின்னக் குழந்தையையும் எஜமானருக்கு மனைவியாக்கித் தூணில் கட்டி வைத்துவிட்டு, ஹீரோவைப் புது டோர்கோவாக வாசலில் நிற்க வைத்துவிட்டு, 'முடிந்தது?' என்று கேள்விக்குறி போடுகிறார்கள். என்னிடம் கேட்டால்?

தம்பிக்குக் காலையில் போன் போட்டேன். "பார்த்தீங்களாண்ணே? எப்படி இருந்துச்சு? நான் இன்னும் பார்க்கலைண்ணே, டிரைலர்தான் பார்த்தேன்" என்கிறான். என்னத்தைச் சொல்ல, சிரித்துவிட்டேன். வேறு வழி?

இருங்கள். இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து மாடியில் டேங்க் நிரம்பித் தண்ணீர் சோவென்று கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்த பில்டிங்கில் இத்தனை வீடு இருக்கிறது, மோட்டாரைப் போடத் தெரிந்த ஒருத்தருக்கும் அணைக்கத் தெரியாதா? ஏங்க, மேல் வீட்டுக்காரரே! டேங்க் வழியுதுங்க!