கோட்டையில் படம் எடுக்க வந்த அந்தப் பிள்ளை குறித்து

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டையில், சேலை உடுத்துப் படம் எடுக்க வந்த ஒரு பிள்ளையை ஒருவர் மறித்துக் கேள்வி கேட்டதையும், அது காணொளியாகப் பரவியதையும் நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடக் காணொளியை என் நட்புப் பட்டியலில் உள்ள பலரே பகிர்ந்திருக்கிறீர்கள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். எழுதக்கூடாது என்று மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன். நேற்று இரவு அந்தப் படப்பிடிப்பை நடத்திய தம்பி தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, அந்த அக்கா எல்லாப் படத்தையும் அழிக்கச் சொல்லிப்போட்டா" என்று சொன்ன பிறகு பொறுக்க முடியவில்லை.

முன்கூட்டியே பதிவு செய்து, முற்பணம் கட்டி, இடம் தெரிந்த ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, தன் பெற்றோர் பிறந்த நகரத்தில் தன்னைப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். அவள் செய்தது இவ்வளவுதான். இது குற்றம் அல்ல. இந்தப் பதிவு முழுவதும் நான் சொல்லப் போவதும் இதைத்தான்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கமராவோடு வாழ்பவன் நான். ஸ்ரூடியோவில் கடவுச்சீட்டுப் படம் எடுக்கத் தொடங்கி, கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, அந்தியேட்டி வரை எடுத்து, இப்போது ஊர் பார்க்க வருபவர்களை இரண்டு மூன்று இடங்களுக்குக் கூட்டிச் சென்று உருவப்படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஆகவே "உமக்கு இதில் வருமானம் இருக்கிறது, அதனால்தான் வக்காலத்து வாங்குகிறீர்" என்று எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்கிறேன்: ஆம், வருமானம் இருக்கிறது. என் பிள்ளைகளின் ரியூஷன் காசு இந்தத் தொழிலிலிருந்துதான் போகிறது. ஒரு தொழிலால் வாழ்பவனுக்கு அந்தத் தொழிலைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்றால், வேறு யார் பேசுவது?

இந்த வேலை என்னவென்று தெரியாமல்தான் பலர் எழுதுகிறீர்கள். வழிகாட்டியோடு படம் எடுப்பதென்றால் "இடுப்பில் கையை வையுங்கோ, அங்காலை பாருங்கோ" என்று சொல்வது என்று நினைக்கிறீர்கள். எங்கள் ஊரின் வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஆவணி வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, பட்டுச் சேலையோடு படம் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். விடியப்புறம் வாருங்கள், அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வாருங்கள் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். கோட்டை மதிலின் முருகைக்கல்லில் இருக்கிற துளைகளும் கோடுகளும் பண்ணைக் கடல் பக்கமிருந்து வெயில் சாய்ந்து வரும்போதுதான் தெரியும். அதே வெளிச்சம் முகத்திலும் மெதுவாக விழும். எங்கள் ஊரில் பொழுதுபட்ட பிறகு வெளிச்சம் நெடுநேரம் நிற்பதில்லை. ஆகவே அந்த ஒரு மணித்தியாலத்தைத் தவறவிட்டால், கடல் கடந்து வந்தவருக்கு அந்தப் படம் கிடைக்காமலே போய்விடும்.

இடம் பற்றிய கதை சொல்வதும் எங்கள் வேலைதான். நல்லூர்க் கோயிலுக்குள்ளே படம் எடுக்கக்கூடாது, ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்று நாங்கள் முதலிலேயே சொல்லிவிடுவோம். திருவிழா நாட்களில் வெளிவீதி மணலில் உருண்டு பிரதட்டை செய்கிறவர்களைப் பின்னணியாக வைத்து எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுவோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போனால், வெள்ளைக் கட்டடம் அழகாக இருக்கிறது என்று கமராவை உடனே தூக்க மாட்டேன். சரஸ்வதி சிலைக்கு அருகே நிறுத்தி, 1981 மே 31 இரவு தொடங்கி இங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்று சொல்லிவிட்டுச் சற்றுப் பேசாமல் இருப்பேன். அதற்குப் பிறகு "படம் வேண்டாம், இப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறோம்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த நேரத்துக்கு நான் காசு வாங்கியதில்லை.

அந்தத் தம்பியும் என்னிடம் பழகியவன்தான். ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலில் அந்தப் பிள்ளையை நிறுத்தி, கமராவை வெளியே எடுக்காமல், கால் மணித்தியாலம் கதை சொல்லியிருக்கிறான். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதையும், அதன் கடைசி மன்னன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதையும், 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்து, பிறகு இன்றைய ஐங்கோண வடிவில் கட்டியதையும் சொல்லியிருக்கிறான். உள்ளே 1706 இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்ததையும், 1990 இல் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே தொடங்கிய சண்டையில் அது அழிந்ததையும் அந்த இடத்துக்கே கூட்டிச் சென்று காட்டியிருக்கிறான். அந்தப் பிள்ளை அழுதாளாம்.

இப்போது காணொளியைத் திரும்பப் பாருங்கள். "தங்கச்சி, இது என்ன இடம் எண்டு தெரியுமே உமக்கு?" என்று அந்த மனிதர் கேட்கிறார். அவள் "ஓம், இங்கை" என்று வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் காணொளி வெட்டப்பட்டிருக்கிறது. அடுத்த காட்சியில் அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நடக்கிறாள். கேள்வி கேட்டவருக்குப் பதில் தேவைப்படவில்லை. பகிர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூட அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"செத்தவர்கள் கிடந்த இடத்தில் சிங்காரித்துக்கொண்டு படமா?" என்பதுதான் மிகுதியாக வந்த பின்னூட்டம். அதை எழுதியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோட்டைக்குப் பின்னேரத்தில் நீங்கள் போனதே இல்லையா? மதிலில் குடும்பமாக இருந்து காற்று வாங்குகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள், காதலர்கள் குடைக்குக் கீழே இருக்கிறார்கள், கையில் தொலைபேசி வைத்திருக்கிற எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். அவர்களில் எவரையும் எவரும் மறித்துக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. இழப்பு நடந்த இடத்தில் படம் எடுக்கக்கூடாது என்றால் இந்தக் குடாநாட்டில் எந்தச் சந்தியில், எந்த ஒழுங்கையில், எந்தப் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் நின்று படம் எடுப்பது? என் வீட்டுக் கிணற்றடியில்கூட எடுக்க முடியாது. இறந்தவர்களை நானும் நினைக்கிறேன். என் வீட்டிலும் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெயரைச் சொல்லி, தனியாக வந்த ஒரு பெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து மறிப்பதை நான் நினைவுகூரல் என்று ஏற்க மாட்டேன்.

மதிலின் விளிம்பில் ஏறி நிற்கிறார்கள், கல்லில் பெயர் கீறுகிறார்கள், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுகிறார்கள் என்ற குறை நியாயமானது. அதை மறுக்கவில்லை. தொல்லியல் திணைக்களம் பாதுகாக்கிற இடத்தில் அதன் விதிப்படிதான் நடக்க வேண்டும், முருகைக்கல் பொடிந்தால் திரும்ப வைக்க ஆள் இல்லை. அப்படிச் செய்கிற படப்பிடிப்பாளர்களை நானே நேரில் கண்டித்திருக்கிறேன். ஆனால் அந்தத் தம்பி அப்படி எதுவும் செய்யவில்லை. அவள் நடைபாதையில்தான் நின்றாள்.

சேலையைப் பற்றி எழுதியவர்களுக்கு: அது அவளுடைய அம்மாவின் கூறைச் சேலை. "கல்யாணம் முடிக்காமல் கூறை உடுத்திருக்கிறாள்" என்று சிரித்தீர்கள். அவளுடைய அம்மா இப்போது இல்லை.

"கையில் தொலைபேசி இருக்கிறது, இதற்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டுமா, பணத்திமிர்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. தொலைபேசியில் நல்ல படம் எடுக்கலாம்; நானும் எடுக்கிறேன். தனியாக வருகிறவளை யார் எடுப்பது? முன்பின் தெரியாதவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, அவர் எடுத்துத் தருகிற ஒரு படத்தோடு போக வேண்டுமா? நீட்டிய கையும் பெருத்த மூக்குமாக ஒரு செல்ஃபியோடு போக வேண்டுமா? அவள் ஒரு மாதத்துக்கு முன்பே வட்ஸ்அப்பில் எழுதி, எந்த நேரம் நல்லது, உடை மாற்ற இடம் உண்டா, எத்தனை படங்களைத் திருத்தித் தருவீர்கள், என் அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் போடுவீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். எங்கள் நகரத்துக்கு வருகிற எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. தன் படம் எங்கே போகும் என்று இவ்வளவு கவனமாகக் கேட்டவளின் முகத்தை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊர் முழுவதும் பரப்பியிருக்கிறீர்கள்.

காசு விடயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் லண்டனிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். அறுபது வயது தாண்டியவர். நூலகம் வேண்டாம், கோட்டை வேண்டாம், புகையிரத நிலையத்தில் மட்டும் ஒரு படம் வேண்டும் என்றார். 1990 இல் ரயில் நின்றுபோவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு யாழ்தேவியில் ஏறிப் போனவர். 2014 ஒக்டோபர் 13 அன்று ரயில் திரும்ப வந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். ஆனால் நேரில் வந்து மேடையில் கால் வைத்தது அன்றைக்குத்தான். எப்படி நிற்கட்டும் என்று என்னிடம் கேட்டார். நான் எப்படி நிற்கச் சொல்வேன்? "அம்மா, அண்டைக்கு உங்களை வழியனுப்ப ஆர் வந்தவை, எவடத்திலை நிண்டவை?" என்று மட்டும் கேட்டேன். அவர் மேடையின் கடைசி வரை நடந்து போனார். அங்கே நின்று, ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸோடு தூரத்தில் நின்று ஐந்து படங்கள்தான் எடுத்தேன். அவர் கொடுத்த காசைப் பணத்திமிர் என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவி கேட்டாள். அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாங்களும் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம்; அப்போது எனக்குப் பதினொரு வயது. சைக்கிளில் அரிசியும் அடையாள அட்டைகளும் தங்கச்சியும் இருந்தன. அல்பங்கள் தகரப் பெட்டிக்குள் சுவாமி அறையில் இருந்தன. "இரண்டு நாளிலை வந்திடுவம்" என்று அப்பா சொன்னார். நாவற்குழிப் பாலம் தாண்டி, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அதற்கு முன்பு மின்சாரம் இல்லாமல், ஒரு பெற்றரிக்கே அலைந்த அந்த ஆண்டுகளில் யார் படம் எடுத்தார்கள்? என் பிள்ளைப்பருவத்தின் ஒரு படம்கூட என்னிடம் இல்லை.

அம்மா 2004 இல் இறந்தார். மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். வீட்டில் இருந்தது அடையாள அட்டையிலிருந்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். ஸ்ரூடியோவில் அதைப் பெருப்பித்தார்கள். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் கலங்கியது. சேலைக் கரையை அவர்களாகவே வரைந்து சேர்த்தார்கள். அம்மா சிரிக்கும்போது இடது கன்னத்தில் ஒரு சின்ன மடிப்பு விழும். அது அந்தப் படத்தில் இல்லை. இப்போது என் மகள் "அப்பம்மா சிரிக்க மாட்டாவோ?" என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்கிறாள். எங்கள் ஊரில் எத்தனை வீட்டுச் சுவர்களில் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த முகங்கள் தொங்குகின்றன என்று உங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், தன் முகத்தை நல்ல வெளிச்சத்தில், தன் தாயின் சேலையோடு, தன் மூதாதையர் வாழ்ந்த இடத்தில் பதிந்து வைத்துக்கொள்ள வந்தவளைத்தான் கூட்டமாகச் சேர்ந்து துரத்தியிருக்கிறோம்.

"வெளிநாட்டுக்காரர் வந்து ஊரைப் பின்னணி ஆக்குகிறார்கள்" என்று ஒரு நண்பர் நீளமாக எழுதியிருந்தார். அவர் நல்லவர், படித்தவர், அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நகரத்தைப் பின்னணி ஆக்காமல் தடுப்பதற்குத்தானே வழிகாட்டி வேண்டும் என்கிறோம்? கதை தெரிந்த ஒருவன் கூட நின்றால்தான் அது வெறும் சுவராகப் போகாது. அந்தத் தம்பி செய்தது அந்த வேலையைத்தான். அவனை ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு வால் பிடிக்கிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கிழமைக்கு இருந்த இரண்டு பதிவுகளும் கைவிட்டுப் போய்விட்டன என்று அவன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்கள் இன்னும் அவனுடைய மெமரி கார்டில் இருக்கின்றன. அழிப்பதா வைத்திருப்பதா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. அதில் அவனுக்கோ எனக்கோ உரிமை இல்லை. ஒரு மாதம் பொறுத்து, மனம் ஆறிய பிறகு திரும்பச் சொல்லுங்கள், அப்போதும் வேண்டாம் என்றால் உடனே அழித்துவிடுகிறேன் என்று அவன் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே அதை நீக்கிவிடுங்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களின் பக்கங்களை நாளை காலை நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.